கோட்டுக் காலரில் மூன்று பேர்

பத்தாயிரம் கோடி என்ற எண் காதில் விழுந்த நாளிலிருந்து ஜூரியில் உட்கார்ந்திருந்த பன்னிரண்டு பேருக்கும் வேறெதுவும் காதில் ஏறவில்லை.

அதைச் சொன்னவள் சிட்னியிலிருந்து வந்த பரிசோதனைக்கூடத்துப் பெண். மெல்லிய குரல், ஒவ்வொரு பதிலுக்கு முன்பும் ஒரு மடக்குத் தண்ணீர். நெடுஞ்சாலைப் பெட்ரோல் பங்குக்குப் பின்னால் வறண்ட ஓடையில் கிடந்த நீலக் கோட்டின் வலது கையில் இருப்பது பங்க்காரர் கோலினின் ரத்தம் என்றாள். காலரின் உட்புறத்தைத் துடைத்து எடுத்ததில் குறைந்தது மூன்று பேருடைய டி.என்.ஏ. கலந்திருந்தது என்றாள். அதில் பெரும்பங்கு கூண்டில் நிற்கும் ஃபெலெட்டி மாக்காவுடையதோடு பொருந்துகிறது. அந்த மூவரில் அவன் ஒருவன் என்று வைத்துக்கொண்டால் இப்படியொரு முடிவு கிடைக்கும் வாய்ப்பு, அவனுக்குப் பதில் முன்பின் தெரியாத எவனோ என்று வைத்துக்கொள்வதைவிடப் பத்தாயிரம் கோடி மடங்கு அதிகம். பன்னிரண்டு பேனாவும் ஒரே நேரத்தில் எழுதின.

"ஆனா அது எப்ப அங்க வந்துச்சு, எப்படி வந்துச்சுன்னு என்னால சொல்ல முடியாது" என்று அடுத்த மூச்சிலேயே அவள் சொன்னாள். அதை எழுத ஒரு பேனாவும் அசையவில்லை. நெரிடாவின் பேனாவும் அசையவில்லை. அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

நெரிடாவுக்கு அறுபத்தொரு வயது. மெரிங்கல் ஊர்ப் பள்ளிக்கூடக் கேன்டீனில் பிள்ளைகளுக்குச் சாண்ட்விச் கட்டுகிறவள். அதற்கு முன்னால் வேறோர் ஊரில் பத்தொன்பது வருடம் இறைச்சித் தொழிற்சாலையில் எலும்பு நீக்கும் வரிசையிலும் குளிர் அறையிலும் நின்று முழங்கால் இரண்டையும் கெடுத்துக்கொண்டவள். தீர்ப்புச் சொல்லும் பன்னிரண்டு ஊர்க்காரர்களில் ஒருத்தியாக வரச் சொல்லி ஜூரிக் கடிதம் வந்தபோது இரண்டு வாரம் உட்கார்ந்துகொண்டே வேலை என்று சந்தோஷப்பட்டாள்.

வழக்கு இதுதான். விடியற்காலை ஐந்தரை மணிக்கு முகத்தை மூடிய ஒருவன் பெட்ரோல் பங்குக்குள் வந்தான். கல்லாவைத் திறக்கத் தாமதித்த கோலினைச் சக்கரம் கழற்றும் இரும்பால் அடித்தான். அறுபத்தேழு வயது மனிதருக்கு ஒரு கண் போயிற்று. கேமராவில் தெரிந்ததெல்லாம் உயரமும் நீலக் கோட்டும்தான். கோட்டு பக்கத்து இறைச்சித் தொழிற்சாலையுடையது. ஃபெலெட்டி அங்கே வேலை செய்ய டோங்காத் தீவுகளிலிருந்து வந்தவன், இருபத்து நாலு வயது. நாலு மணிக்கு ஷிஃப்ட் முடிந்து வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தேன் என்றான். கூட இருந்த நாலு பேரும் அந்த நேரத்தில் அடுத்த ஷிஃப்டில் இருந்தார்கள். தூங்கியதற்குச் சாட்சி எங்கே போய்த் தேடுவது?

தொழிற்சாலையின் பணியாளர் அதிகாரி டை கட்டிக்கொண்டு வந்து, "ஒவ்வொருத்தருக்கும் நம்பர் போட்ட கோட்டு ஒண்ணு, கையெழுத்து வாங்கிட்டுத்தான் குடுக்கறோம்" என்று சாட்சி சொல்லிவிட்டுப் போனார். ஓடையில் கிடந்த கோட்டில் நம்பர் தைத்த துண்டு துவைத்துத் துவைத்து எண் தெரியாமல் வெளுத்திருந்தது. ஆனால் ஃபெலெட்டி முதல் நாள் கையெழுத்துப் போட்ட முப்பத்தொரு பக்கக் காகிதக் கட்டுக்குள் கோட்டு வாங்கிக்கொண்டதாக ஒரு வரி இருந்தது.

"கோட்டு கதவுகிட்டத் தொங்கும். எடுத்துப் போட்டுக்குவோம்" என்று மொழிபெயர்ப்பாளர் வழியாக ஃபெலெட்டி சொன்னான்.

"கையெழுத்துப் போட்டீங்களா, இல்லையா?" என்று அரசு வக்கீல் கேட்டார்.

"போட்டேன்."

"அப்ப உங்களுக்குன்னு ஒரு கோட்டு இருந்துச்சு."

"பேப்பர்ல இருந்துச்சு."

வக்கீல் ஜூரியின் பக்கம் திரும்பி லேசாகச் சிரித்தார். ஜூரியில் ஏழெட்டுப் பேர் திருப்பிச் சிரித்தார்கள். பையனுக்குத் திமிர் என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது. அவன் சார்பில் வந்த வக்கீல் நகரத்து மனிதர், குளிர் அறையைத் தன் ஆயுளில் எட்டிப் பார்க்காதவர். அந்தப் பதிலைப் பிடித்து இரண்டு கேள்வி கேட்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் ஜூரி அறைக்குள் போனார்கள். தலைவனாக ராஸைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆடுமாடு ஏலம் விடுகிறவன், ஐம்பது வயது, குரல் அடுத்த தெருவுக்குக் கேட்கும். யார் பெயரையும் ஒருமுறை கேட்டால் மறக்கமாட்டான். பிஸ்கட் டப்பாவை அவனே எழுந்து எல்லாருக்கும் நீட்டுவான். கெட்டவன் என்று அவனைச் சொல்லிவிட்டால் இந்தக் கதை சுலபமாகிவிடும். அப்படிச் சொல்ல முடியாது.

"ஹீதர், நீங்க கணக்கு டீச்சர். பத்தாயிரம் கோடின்னா என்ன, எங்களுக்குப் புரியற மாதிரி சொல்லுங்க" என்றான்.

"அது வந்து..." என்று ஆரம்பித்தாள் ஹீதர்.

"உலகத்துல மொத்தம் எத்தன பேரு?"

"எண்ணூறு கோடி இருக்கும்."

"அப்ப இந்த மாதிரிப் பன்னெண்டு உலகம் வேணும், இன்னொருத்தன் கிடைக்க. முடிஞ்சுதா? இவனத் தவிர வேற ஆளே கிடையாது."

"அப்படியே நேரா அர்த்தம் பண்ணிக்க முடியாது, ராஸ். அது வேற கேள்விக்கான..."

"தப்புன்னு சொல்றீங்களா?"

"தப்புன்னு இல்ல..."

நாற்பது வருடம் பிள்ளைகளின் நோட்டில் சிவப்பு மையால் சுழித்த கை அது. அன்றைக்கு அந்தக் கை பிஸ்கட்டை எடுத்தது.

சீட்டு எழுதிப் போட்டார்கள். பதினொன்று குற்றவாளி. ஒன்று 'குற்றவாளி இல்லை'. அந்த ஒன்று நெரிடாவுடையது. ஏன் அப்படி எழுதினாள் என்று கேட்டால் அவளாலேயே சொல்ல முடியாது. 'பேப்பர்ல இருந்துச்சு' என்று அவன் சொன்னதில் அவளுக்குத் திமிர் தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை மகள் வீட்டில் மதியச் சாப்பாடு. மருமகன் டீன் வெளியே கறி சுட்டுக்கொண்டிருந்தான். அவனும் ஒரு தொழிற்சாலைக் குளிர் அறைக்காரன்தான், வேறு கம்பெனி, வேறு ஊர். நீதிபதி தினமும் சாயங்காலம் பாடம் ஒப்பிப்பதுபோல் ஒன்றைச் சொல்லி அனுப்புவார். யாரிடமும் கேட்காதீர்கள், எதையும் தேடாதீர்கள், மீறினால் உங்களுக்கே இரண்டு வருடம் வரை சிறை. நெரிடா வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இப்படித்தான் கேட்டாள்:

"ஏன்ப்பா டீன், இப்பல்லாம் அவங்கவங்க கோட்ட அவங்கவங்கதான் போடுறீங்களா?"

"எந்தக் கோட்டு? குளிர் ரூம் கோட்டா?" டீன் சிரித்தான். "அத்தை, நீங்க இருந்த காலத்துல எப்படியோ அப்படியேதான். கைக்கு எது வருதோ அது. போன வாரம் ஒண்ணு மாட்டினேன், பையில எவனோட பல்செட்டோ இருந்துச்சு."

திங்கட்கிழமை காலை அவள் பேசினாள். பத்து நாளில் அவள் முழுசாகப் பேசியது அன்றைக்குத்தான்.

"அந்த டைக்காரரு ஆபீஸ் ஆளு. அவருக்கு என்ன தெரியும்? நான் சொல்றேன் கேளுங்க. கதவுகிட்ட வரிசையா கொக்கி இருக்கும். விடியக்காலம் நாலு மணிக்கு மைனஸ் பதினெட்டுல உள்ள போகணும், பின்னாடி சூப்பர்வைசர் கத்திக்கிட்டு நிப்பான். நம்பர் பாத்துக்கிட்டா நிப்போம்? எது காய்ஞ்சிருக்கோ அத இழுத்து மாட்டிக்கிட்டு ஓடுவோம். முந்தின ஆளோட வேர்வை காலர்ல ஈரமா இருக்கும், கழுத்துல பட்டா சில்லுன்னு இருக்கும். பத்தொம்பது வருஷத்துல என் கோட்டுன்னு ஒண்ண நான் பாத்ததே இல்ல. மீன் பிடிக்கப் போறவன் ஒண்ணத் தூக்கிட்டுப் போவான், வண்டியில போட்டு வைப்பான், பாதி திரும்பியே வராது. அந்தப் பையனோட வேர்வை அங்க இருக்கற எல்லாக் கோட்டுலயும் இருக்கும். அவன் அத மறுக்கவே இல்லையே! அவனோடதா இல்லையான்னு யாரு கேட்டா? அன்னிக்கு அத மாட்டியிருந்தது யாருங்கறதுதானே கேள்வி? காலர்ல மூணு பேரு இருக்காங்கன்னு அந்தப் பொண்ணே சொல்லிச்சே. மத்த ரெண்டு பேரு யாரு?"

"ரொம்பக் கொஞ்சம், ஒப்பிட்டுப் பாக்கற அளவுக்கு இல்லன்னு சொன்னாங்களே" என்றான் ராஸ்.

"கொஞ்சமா இருந்தா மனுஷன் இல்லன்னு ஆயிடுமா?"

டேனிகா என்று ஒரு பெண் இருந்தாள், அழகு நிலையத்தில் வேலை. கோலின் சாட்சி சொன்ன நாளில் அழுதவள். "அந்தத் தாத்தாவோட கண்ணு போயிருக்கு. நீங்க கோட்டப் பத்திப் பேசிக்கிட்டு இருக்கீங்க. அதுவும் உங்க காலத்துக் கதை, வேற ஊர்க் கதை."

"எந்தக் காலமானா என்ன? இப்பவும் அப்படித்தான். நேத்துக்கூட என் மருமகன்கிட்ட..." என்று சொல்லிவிட்டு நெரிடா நிறுத்தினாள்.

டேனிகா நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தாள்.

"கேட்டீங்களா? கேக்கவே கூடாதே!" என்றாள் டேனிகா.

ராஸ் கையை உயர்த்தினான். "நம்ம யாரு காதுலயும் அது விழல. சரியா? எல்லாரும் டீ குடிங்க."

பெருந்தன்மையாகத்தான் இருந்தது. மத்தியானம் மறுபடி சீட்டுப் போட்டார்கள். பத்து, இரண்டு. அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. யாரோ ஒருவர் அவள் பேச்சைக் கேட்டு மாறியிருக்கிறார். மேசையைச் சுற்றிப் பார்த்தாள். ஒரு முகத்திலும் ஒன்றும் தெரியவில்லை. ஹீதராகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். சாயங்காலம்வரை மற்றவர்கள் நெரிடாவையே போட்டு வறுத்தெடுத்தார்கள். அந்த இன்னொருவர் வாயைத் திறக்கவே இல்லை. அந்த மௌனத்தின் மீது அவளுக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொன்னால் என்னவாம்?

செவ்வாய்க்கிழமை காலை நீதிபதி அவர்களை உள்ளே அழைத்தார். ஒருமனதாக முடிவு வராத நிலையில் இனி பதினொரு பேர் ஒத்துப்போனாலும் தீர்ப்பாக ஏற்றுக்கொள்வேன் என்றார். பத்துப் பேர் போதாது. பதினொன்று வேண்டும்.

திரும்பி வந்ததும் ராஸ் அவளைக் கெட்டில் பக்கம் தனியாக அழைத்தான். அவளுக்குப் பிடித்தமாதிரி பால் நிறைய ஊற்றி டீ போட்டுக் கொடுத்தான்.

"நெரிடா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. இன்னொரு ஆளு என்கிட்ட வந்து பேசிட்டாரு. இந்தத் தடவ மாத்திப் போடறேன்னுட்டாரு."

"யாரு?"

"அது சொல்லக் கூடாது, நியாயமில்ல. ஆனா நீங்க ஒத்த ஆளா நிக்கப் போறீங்க. நின்னாலும் ஒண்ணும் ஆகப்போறதில்ல, பதினொண்ணு வந்துரும். நீங்க பிடிவாதம் பிடிச்சு இழுத்தா டேனிகா சும்மா இருக்க மாட்டா. நீதிபதிக்கு ஒரு சீட்டு எழுதினா போதும், உங்களக் கூப்பிட்டு விசாரிப்பாங்க. டீனையும் கூப்பிடுவாங்க. என்னத்துக்கு இந்தத் தலைவலி? நான் உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"என்ன மிரட்டறியா, ராஸ்?"

"அய்யய்யோ, நானா? நான்தானே நேத்து மூடி மறைச்சேன்!"

அதுவும் உண்மைதான். மூடியவன் கையில்தான் மூடியும் இருந்தது. நெரிடா டீயைக் குடித்தாள். டீனின் முகம் நினைவுக்கு வந்தது, மகள் முகம் வந்தது. ஹீதர் மேசையில் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். ஒரு நாள்கூடத் தாக்குப்பிடிக்காதவளுக்காகவா நான் நிற்கவேண்டும் என்று தோன்றியது. வென்றால் பரவாயில்லை, வெல்லாத இடத்தில் தனியாக நின்று எதை நிரூபிக்க? மனசு ஒரு காரணத்தைத் தேட ஆரம்பித்துவிட்டால் பத்துக் கிடைக்கும். அவளுக்கும் கிடைத்தது. சீட்டில் 'குற்றவாளி' என்று எழுதி நாலாக மடித்துப் போட்டாள்.

ராஸ் ஒவ்வொன்றாகப் பிரித்தான். ஏலத்தில் அடிமாட்டை எண்ணுகிற வேகம்.

"பதினொண்ணு. ஒண்ணு."

நெரிடாவுக்கு முதலில் புரியவில்லை. பூஜ்யம் அல்லவா வரவேண்டும்? பிறகு புரிந்தது. அந்த இன்னொருவர் மாறவே இல்லை. ராஸிடம் யாரும் வந்து பேசவும் இல்லை. விலை கேட்காத ஆள் கேட்டதாகச் சொல்லி, வேலிக் கம்பத்தைப் பார்த்துத் தலையாட்டி விலையை ஏற்றுவது அவன் தொழிலில் பால்குடி மாறாதவனுக்கும் தெரிந்த வித்தை. அறுபத்தொரு வயதுக்காரிக்குத் தெரியாமல் போயிற்று. அவள் நின்றிருந்தால் பத்துதான். பத்து போதாது. தீர்ப்பே வந்திருக்காது.

மேசையைச் சுற்றி எல்லாரும் அவளையே பார்த்தார்கள்.

"பரவாயில்ல நெரிடா. மனசாட்சிப்படி நின்னீங்க, அதுக்கு ஒரு மரியாத இருக்கு" என்றான் ராஸ். அவள் முகத்தை நேராகப் பார்த்துத்தான் சொன்னான். அவனும் அவளைத்தான் அந்த ஒன்று என்று நினைத்துக்கொண்டிருந்தான். தன் பொய் பலிக்கவில்லை, இன்னொருவர்தான் தானாகக் கழன்றுகொண்டார் என்பது அவன் கணக்கு.

டேனிகா எழுந்து வந்து அவள் தோளைத் தொட்டாள். "நேத்து நான் கத்திட்டேன். மனசுல வச்சுக்காதீங்க. உங்கள மாதிரித் தைரியம் எனக்கு வராது."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். 'நான் மாத்திக்கறேன், மறுபடி போடுங்க' என்று ஒரு வாக்கியம். தீர்ப்பை வெளியே சொல்லும்வரை மாற்றிக்கொள்ள உரிமை உண்டு. அவள் "பரவாயில்லம்மா" என்றாள்.

கோர்ட்டில் ராஸ் எழுந்து நின்று சொன்னான். பெரும்பான்மைத் தீர்ப்பு, பதினொன்றுக்கு ஒன்று, குற்றவாளி. மொழிபெயர்ப்பாளர் ஃபெலெட்டியின் காதில் சொன்னார். அவன் கேட்டுவிட்டு, ஜூரியின் பக்கம் பார்த்து மரியாதையாகத் தலை குனிந்தான். பெரியவர்கள் பேசி முடித்தால் அப்படிச் செய்யவேண்டும் என்று வளர்த்திருந்தார்கள். பின் வரிசையில் டோங்கா வழக்கப்படி மரியாதைக்காக இடுப்பில் பாய் கட்டிக்கொண்டு அவன் அத்தை உட்கார்ந்திருந்தாள். இரண்டு வாரமும் ஒரு நாள் தவறாமல் வந்தவள். அவள் அழவில்லை. பன்னிரண்டு முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள், அந்த ஒன்று யார் என்று தேடினாள். நெரிடாவின் கண் கலங்கியிருந்தது. அத்தையின் பார்வை அங்கே வந்து நின்றது. நெஞ்சில் கை வைத்து, மெல்லத் தலையாட்டி நன்றி சொன்னாள். நெரிடா அதை வாங்கிக்கொண்டாள். திருட்டுச் சாமானைக் கை நீட்டி வாங்குவதுகூட இவ்வளவு கேவலமாக இருந்திருக்காது.

வண்டி நிறுத்துமிடத்தில் சாவியைத் தேடிக்கொண்டிருந்தபோது மெர்வ் வந்து பக்கத்தில் நின்றார். ஜூரியில் ஒருவர், எழுபதை நெருங்கும் கோதுமை விவசாயி. காதில் மெஷின். இரண்டு வாரமும் மூலை நாற்காலியில் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தவர். அவர் தூங்கிவிட்டார் என்று டேனிகா இரண்டு தடவை கேலி செய்திருக்கிறாள்.

"உள்ள எல்லாரும் அது நீங்கதான்னு நினைக்கிறாங்க" என்றார்.

நெரிடா சாவியைப் பார்த்துக்கொண்டே, "என்னால முடிஞ்சதச் செஞ்சேன், மெர்வ்" என்றாள்.

"அது நான் போட்ட சீட்டு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"வெள்ளிக்கிழமை நானும் அவங்களோடதான் இருந்தேன். அவ்ளோ பெரிய நம்பர், நமக்கு என்ன தெரியும்னு போட்டுட்டேன். திங்கக்கிழமை நீங்க அந்தக் கோட்டப் பத்திச் சொன்னீங்க பாருங்க, காலர் ஈரமா இருக்கும்னு. அப்பத்தான் மாறினேன். எனக்குப் பேச வராது. நீங்கதான் பேசறீங்களே, நான் பின்னாடி நின்னாப் போதும்னு நினைச்சேன்."

"நீங்க மாறிட்டீங்கன்னு ராஸ் சொன்னான்."

"ராஸுக்கு அது நான்னே தெரியாதே."

அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் நெரிடா தாங்கியிருப்பாள், திருப்பிக் கத்தியிருப்பாள். கோபமே இல்லை.

"அவன்தான் செஞ்சான்னு நினைக்கிறீங்களா?" என்று கேட்டாள். வேறு என்ன கேட்பது என்று தெரியாமல் கேட்டாள்.

"தெரியல. தெரியாததுனாலதானே இல்லன்னு எழுதினேன்." மெர்வ் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "உங்களுக்கு?"

"எனக்கும் தெரியல."

"அப்புறம் எப்படிம்மா எழுதினீங்க?"

பதிலுக்காக அவர் நிஜமாகவே காத்துக்கொண்டு நின்றார், அவள் வாய் அசைந்தால் தவறவிடக் கூடாது என்று காது மெஷினை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு.